ஆண்டுக்கு எண் வைத்தது யார்? கேள்வி பதில்

ஆண்டுக் கணக்கு, பஞ்சாங்கம், கல்வெட்டுத் தேதி பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: ஐயா, இயேசு பிறந்த ஆண்டிலிருந்துதான் கி.பி. சரியாகத் தொடங்குகிறதா?

ப: இல்லை. 525 வாக்கில் ரோமில் இருந்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, ஈஸ்டர் நாட்களுக்கு அட்டவணை போடும்போது கொண்டுவந்த எண் இது. அதுவரை அந்த அட்டவணைகள் ரோமப் பேரரசர் டயோகிளீஷியன் அரியணை ஏறிய 284இலிருந்து எண்ணின. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய மன்னன் பெயரில் எண்ண அவருக்கு மனமில்லை. ஆனால் மத்தேயு நற்செய்திப்படி இயேசு பிறந்தது யூதேயா மன்னன் ஏரோது உயிரோடு இருந்தபோது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. ஆக, எண் சில ஆண்டுகள் பிசகிவிட்டது.

கே: அப்போ வரலாற்றுத் தேதிகள் எல்லாமே கற்பனைதானா?

ப: அவசரப்படாதீர்கள். தொடக்கப்புள்ளியை எங்கே வைத்தாலும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகள் மாறாது. அந்த இடைவெளியைச் சரிபார்க்க வானம் இருக்கிறது. இன்றைய ஈராக் பகுதியில் ஆண்ட பழங்கால அசீரியர்கள் ஆண்டுக்கு எண் தரவில்லை, ஓர் அதிகாரியின் பெயரைத் தந்தார்கள். புர்-சகாலே என்பவரின் ஆண்டில் சூரிய கிரகணம் என்று அவர்கள் பட்டியலில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஓர் ஆண்டு பிடிபட்டதும் பட்டியலில் முன்னும் பின்னும் உள்ள பெயர்கள் எல்லாம் அதனதன் ஆண்டில் உட்கார்ந்துவிட்டன.

கே: சோழர் கல்வெட்டில் கி.பி. கிடையாதே சார், 1010 என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ப: எனக்குப் பிடித்த கேள்வி! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்ததை, ராஜராஜனின் யாண்டு 25, நாள் 275 என்று கல்வெட்டு சொல்கிறது. இது ஆட்சியாண்டு. அவர் எப்போது அரியணை ஏறினார் என்று தெரிந்தால்தான் இது பயன்படும். நல்லவேளையாக, சில கல்வெட்டுகளில் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் இருக்கும்; அபூர்வமாக, கி.பி. 78இலிருந்து எண்ணப்படும் சக ஆண்டும் வரும். இவை எல்லாம் ஒரே நாளில் கூடிவரும் தேதிகள் மிகக் குறைவு. கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்படிக் கணக்கிட்டு, ராஜராஜன் பதவியேற்றது 985ஆம் ஆண்டின் நடுப்பகுதி என்றார். அதன்படி யாண்டு 25, நாள் 275 என்பது 1010இல் வருகிறது. நம் சுவாமிக்கண்ணுப் பிள்ளை ‘இந்தியன் எபிமெரிஸ்’ என்று நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணையையே போட்டு வைத்தார். கணினி இல்லாத காலம் அது!

சிக்கல்களும் உண்டு. ராஜேந்திரன் தன் ஆண்டை 1012இலிருந்து எண்ணுகிறார், அப்பாவோ 1014 வரை ஆள்கிறார். இருவர் ஆண்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் கணக்கு உதைக்கும். பாண்டியர்களைக் கேட்கவே வேண்டாம். ‘இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது’ என்று எழுதுவார்கள், இரண்டையும் கூட்டி 13 என்று கொள்ள வேண்டும்.

கே: தாத்தாவின் ஜாதகத்தில் ருத்ரோத்காரி வருடம், தை மாதம் என்று இருக்கிறது. எந்த ஆண்டு?

ப: அறுபது ஆண்டுச் சுற்றில் அது 57ஆவது. 1863-64, 1923-24, 1983-84 மூன்றுமே ருத்ரோத்காரிதான். தாத்தா என்பதால் நடுவில் உள்ளதைக் கொள்ளலாம். தை என்றால் 1924 ஜனவரி, பிப்ரவரி. நெல்லை, குமரிப் பக்கத்து ஜாதகம் என்றால் கேரளத்து வழக்கான கொல்லம் ஆண்டும் இருக்கும், பாருங்கள். 1099 என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். கேரளத்துப் பெரியவர்கள் சொல்லும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ அதே ஆண்டின் கடைசியில், 1924 ஜூலையில் வந்ததுதான்.

கே: வள்ளுவர் கி.மு. 31இல் பிறந்தாரா?

ப: அதற்குச் சான்று இல்லை. திருவள்ளுவர் ஆண்டுக்குத் தொடக்கமாக அறிஞர்கள் கூடி முடிவு செய்தது, அரசு ஏற்றது. டயோனீசியஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அறுபதோடு நின்றுவிடாமல் தொடர்ந்து ஓடும் எண் என்பதால் எனக்கு இதில் குறை தெரியவில்லை.

கே: கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவே பூஜ்யம் ஏன் இல்லை?

ப: ரோமன் எண்களில் பூஜ்யம் இல்லை, அவ்வளவுதான். வானியலாளர்கள் மட்டும் கி.மு. 1ஐ பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கே: ஆண்டின் நீளமாவது இயற்கை தந்ததுதானே?

ப: எதை ஆண்டு என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பருவம் திரும்பிவர ஏறக்குறைய 365.2422 நாள், சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 365.2564 நாள். சுமார் 20 நிமிட வித்தியாசம். இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டோ நிலவை மட்டும் பார்ப்பதால் 354 அல்லது 355 நாள்தான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பின்பற்றுகிறது. அதனால்தான் மார்ச் 20, 21இல் பகலும் இரவும் சமமாக இருக்க, சித்திரை 1 ஏப்ரல் 14இல் வருகிறது. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு போனால் சித்திரை மே மாதத்தில்தான் பிறக்கும்.

கே: திருத்திவிடலாமே ஐயா?

ப: முயன்றார்கள். வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையிலான குழு சொன்னபடி, மார்ச் 22இல் தொடங்கும் சக ஆண்டை மத்திய அரசு 1957இல் ஏற்றது. அரசிதழில் அந்தத் தேதியைப் பார்க்கலாம். கோயில்களும் பஞ்சாங்கக்காரர்களும் பழைய கணக்கிலேயே இருந்துவிட்டார்கள்.