ஜாக்தான் சுவிட்ச்: கிட்டார் பேட்டரி கேள்வி – பதில்

பொள்ளாச்சி வாசகர்: ஏனுங்க, பிக்கப் வெச்ச என்ற அகௌஸ்டிக் கிட்டார்ல 9 வோல்ட் பேட்டரி நாலே நாள்ல தீந்து போயிருதுங்க. வாசிச்சு முடிச்சதும் கேபிளக் கழட்டிப் பையில போட்டுத்தான் வெக்கறேன். ரெண்டு கம்பெனி பேட்டரி மாத்தியாச்சு. மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில பாதிப் பாட்டுல கரகரன்னு ஆகி நின்னே போச்சு. போன மாசம் கேபிள் செருகற ஜாக் ஆடுதுன்னு புதுசு போட்டோமுங்க. பிரீஆம்ப்பையே மாத்தோணுமுங்களா?

பிரீஆம்ப்பில், அதாவது பிக்கப் பிடிக்கும் கம்பி ஒலியைப் பெருக்கும் சுற்றில், கை வைக்க வேண்டாம். நாலு நாளில் தீர்கிறது என்றும் புது ஜாக் போட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டும் போதும்.

நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி தரும். நாலு நாள் என்றால் 96 மணி நேரம். வகுத்தால் 5 மில்லி ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டுகிறது. பல பிரீஆம்ப்கள் வேலை செய்யும்போது இழுப்பதே 1 முதல் 5 மில்லி ஆம்பியர்தான். அதாவது உங்கள் பிரீஆம்ப் பைக்குள்ளும் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்தில் தீர்ந்திருந்தால் கணக்கு 0.35 மில்லி ஆம்பியர் அளவில் நின்றிருக்கும். அப்போது ஈரம், அழுக்கு, பழுதான கபாசிட்டர் என்று வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும்.

இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் தனி சுவிட்ச் கிடையாது. ஜாக்தான் சுவிட்ச். அது மூன்று தொடுப்புள்ள ஸ்டீரியோ ஜாக்: நுனியான டிப்பில் ஒலி, அடிப்பகுதியான ஸ்லீவில் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் வழி), நடுவிலுள்ள ரிங்கில் பேட்டரியின் கறுப்பு வயர். சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் அதன் பின்னின் நீளமான தண்டு ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்துத் தொடும். கறுப்பு வயருக்குக் கிரவுண்ட் கிடைத்து பிரீஆம்ப் உயிர் பெறும். கேபிளை உருவினால் அணைந்துவிடும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி காலியாவதும் இதனால்தான்.

ஜாக் மாற்றும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கைக்குக் கிடைத்த மோனோ ஜாக்கைப் போட்டு, மிஞ்சிய கறுப்பு வயரைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். ஒலி அருமையாக வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டீரியோ ஜாக்கே போட்டிருந்தாலும் ஈயம் வழிந்து இரண்டு காதுகளை (வயரைப் பற்றவைக்கும் தகட்டு நுனிகளை) இணைத்திருக்கலாம், வயரின் ஒற்றை இழை பிரிந்து பக்கத்துக் காதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். நட்டு தளர்ந்து ஜாக் சுற்றிச் சுற்றி உள்ளே வயர் முறுக்கிக்கொண்டாலும் இதே கதைதான்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒலித்துளை வழியே சின்னக் கண்ணாடியையும் செல்போன் டார்ச்சையும் வைத்து ஜாக்கின் காதுகளைப் பாருங்கள். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, கறுப்பு பேட்டரி வயர் சேரும் காதுக்கும் ஸ்லீவுக்கும் இடையே தொடுங்கள். கேபிள் இல்லாதபோது பீப் வரக் கூடாது. செருகினால் வர வேண்டும். எப்போதும் பீப் வந்தால் கோளாறு ஜாக்கில்தான்.

அடுத்து, இழுக்கும் மின்சாரத்தை அளக்கலாம். மீட்டரை 20 மில்லி ஆம்பியர் டிசி-க்குத் திருப்புங்கள். வயரில் தொங்கும் கிளிப் என்றால் பேட்டரியின் ஒரு முனையை மட்டும் மாட்டி, பேட்டரியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பேட்டரியின் விடுபட்ட முனையில் மீட்டரின் ஒரு கம்பி, கிளிப்பின் விடுபட்ட முனையில் மற்றொன்று. பேட்டரி பெட்டிக்குள் இருக்கும் மாடல் என்றால் தடித்த காகிதத் துண்டின் இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி (இரண்டு தாளும் ஒன்றையொன்று தொடக் கூடாது), ஒரு முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகி, இரு தாள்களிலும் மீட்டர் கம்பிகளைத் தொடுங்கள். இந்த நிலையில் மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேரே வைத்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கேபிள் இல்லாமல் சுழியமே காட்ட வேண்டும். எண் காட்டினால் பிரீஆம்ப்பின் ட்யூனரை ஒருமுறை பாருங்கள். பல மாடல்களில் கேபிள் இல்லாமலும் ட்யூனர் எரியும். பைக்குள் அந்தப் பட்டன் அழுந்தியிருந்தாலும் பேட்டரி போகும்.

சரிசெய்ய 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் வாங்குங்கள். கிட்டாரின் அடிப்பக்கம் பெல்ட் மாட்டும் இடத்தில் ஜாக் இருந்தால் நீளக் கழுத்துள்ள வகையைக் கேளுங்கள். வெளியே நட்டைக் கழற்றி, ஜாக்கின் கழுத்தில் நூல் கட்டிவிட்டு, ஒலித்துளை வழியாக வெளியே எடுத்துப் பற்றவையுங்கள். கிட்டாருக்குள் சூட்டுக்கோல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஸ்லீவ் டியூப் (மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் உறை) மாட்டுங்கள். பிறகு அந்த நூலைப் பிடித்து இழுத்தால் ஜாக் தானாகத் துளைக்கு வந்துவிடும். நட்டை இறுக்கும்போது ஜாக் கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்கு முன் பேட்டரியின் வோல்ட்டைக் கேபிள் செருகிய நிலையில் பாருங்கள். புதிதில் 9.4-க்கு மேல் இருக்கும். 8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். நீங்கள் கேட்ட கரகரப்பு வோல்ட் சரிந்ததன் அடையாளம்.

ஈரோடு வாசகி: யுஎஸ்பி-யில் சார்ஜ் ஏற்றும் 9 வோல்ட் பேட்டரி போட்டதும் மெல்லிய ‘ஙீ’ சத்தம் வருகிறது. ஏன்?

அதன் உள்ளே இருப்பது லித்தியம் செல்லும், அதன் வோல்ட்டை 9-க்கு மாற்றும் சுற்றும். அந்தச் சுற்றின் இரைச்சல்தான் பிரீஆம்ப் வழியாகக் கேட்கிறது. இன்னொரு சிக்கல், வோல்ட் கடைசிவரை மாறாமல் நின்று திடீரென்று அறுந்துவிடும். லோ-பேட்டரி விளக்கு முன்கூட்டி எச்சரிக்காது. சார்ஜ் செய்யும் பேட்டரியே வேண்டுமென்றால் 8.4 வோல்ட் என்று அச்சிட்ட நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்கள். 7.2 வேண்டாம். 200 மில்லி ஆம்பியர்-மணிதான் என்றாலும், 3 மில்லி ஆம்பியர் இழுக்கும் பிரீஆம்ப்புக்கு 60 மணி நேரம் தாராளம்.

வால்பாறை வாசகர்: மழைக்காலத்தில் மூன்று மாதம் கிட்டாரைத் தொடவில்லை. பேட்டரிப் பெட்டியில் வெள்ளைப் பொடி. கிட்டாருக்கு ஆபத்தா?

ஆல்கலைன் பேட்டரி கசிந்து காய்ந்த காரம் அது. வெறும் கையால் தொடாதீர்கள். காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு நனைத்துத் தகடுகளை மட்டும் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, காயவிடுங்கள். மரத்தில் சாறு படக் கூடாது. தகடு பச்சை பூத்து அரித்திருந்தால் பெட்டியையே மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.