பத்து நிமிடத்தில் நான்கு இருட்டு

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஜெயநகரில் எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குழு ஒரு குறுநாடக விழாவில் கலந்துகொள்கிறது. நேரம் 10 நிமிடம். அப்பாவின் வீட்டைப் பிள்ளைகள் விற்கும் எங்கள் இரண்டு மணி நேர நாடகத்தை ஐந்து காட்சிகளாகச் சுருக்கினோம். இன்னும் 14 நிமிடம் ஓடுகிறது. எந்த வசனத்தை வெட்டுவது? குறுநாடகம் முழுநீள நாடகத்துக்குப் பயிற்சி ஆகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு மணி நேரத்தை 14 நிமிடமாக்கிய பொறுமைக்கு ஒரு கும்பிடு. அந்தப் பொறுமையெல்லாம் வீண்.

வசனத்தை விடுங்கள். ஐந்து காட்சி என்றால் நான்கு முறை விளக்கணைக்க வேண்டும். நாற்காலியை நகர்த்தி, மேல்துண்டு மாற்றி, இருட்டில் தடவித் தன் இடத்தைப் பிடிக்க, பழகிய குழுவுக்கே 20 நொடி ஆகும். உங்களுக்கு 30 என்று வையுங்கள். இரண்டு நிமிடம் போச்சு, ஐந்தில் ஒரு பங்கு! முழுநீள நாடகத்தில் இது யாருக்கும் உறைக்காது. இங்கே ஒவ்வொரு இருட்டிலும் நாலு பேர் கைபேசியைப் பார்ப்பார்கள். வெளிச்சம் வந்ததும் 'இது எந்த இடம், யார் இவர்' என்று பிடிபட இன்னும் கொஞ்ச நேரம். தரையில் ஒளிரும் நாடா ஒட்டினால் நடிகரின் முட்டி தப்பும், நாடகம் தப்பாது.

ஐந்தையும் தூக்கிப் போடுங்கள். பத்திரப் பதிவுக்குப் போக வாசலில் ஆட்டோ நிற்கிறது, அக்காவைக் காணோம். அங்கே தொடங்குங்கள். ஒரே கூடம், மூன்று பேர். முதல் அரை நிமிடத்துக்குள் யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார் என்பது தெரிந்தாக வேண்டும். உங்கள் நாடகத்தில் வரும் கடன்பட்ட சித்தப்பாவை மேடையேற்றாதீர்கள், அவர் கடன் அக்கா வாயில் ஒரு வரி.

முழுநீள நாடகத்தில் சித்தப்பாவுக்கு வேலை உண்டு. அவர் கடன் இடைவேளைக்குச் சற்று முன் வெடித்தால்தான் காபிக்குப் போனவர் இருக்கைக்குத் திரும்புவார். ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் 'செர்ரித் தோட்டம்', கடனில் மூழ்கிய குடும்பத்தின் தோட்டம் ஏலத்துக்கு வரும் கதை, நான்கு அங்கம். ஏலம் ஆகஸ்ட் 22 என்று முதல் அங்கத்திலேயே சொல்லியாகிவிடும். ஏலச் செய்தி வருவது மூன்றாம் அங்கத்தில். ஏலத்தை மேடையில் காட்டுவதே இல்லை. நடுவே அந்தக் குடும்பம் ஒன்றுமே செய்யாமல் நாளைக் கடத்துவதுதான் நாடகம். பத்து நிமிடத்தில் அப்படிக் காக்கவைக்க முடியுமா?

நம் பெங்களூரு நாடக அரங்கமான ரங்க சங்கராவில் தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். குடியிருப்புக் கூடங்களில் முதல் ஐந்து நிமிடமும் கதவு ஆடிக்கொண்டே இருக்கும், அதற்குள் உங்கள் நாடகம் பாதி முடிந்திருக்கும். கதவைச் சாத்தச் சொல்லி இப்போதே கேளுங்கள்.

பயிற்சி ஆகுமா என்றால், ஆகாது. முழுநீளத்தில் காக்கவைக்கக் கற்க வேண்டும், இங்கே அதற்கு இடமே இல்லை. ஒத்திகையில் எட்டரை நிமிடத்தில் முடியுங்கள். மீதியைச் சிரிப்பும் கைத்தட்டலும் தின்றுவிடும். கடிகாரத்தை நடிக்காத ஒருவர் கையில் கொடுங்கள்.