'டாட்ரி' என்றால் பாராட்டா?

கேள்வி: பழைய ஆங்கில நாவல் ஒன்றில் ஒரு பெண்ணின் உடையை 'டாட்ரி' (tawdry) என்று சொல்லியிருக்கிறது. அகராதியில் பார்த்தால் 'பகட்டான' என்று இருக்கிறது. தோழியின் பட்டுப்புடவையைப் பாராட்ட இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், மனம் நொந்துவிடுவார். 'பகட்டான' என்பது பாதி அர்த்தம்தான். மட்டமான சரக்கை மினுக்கிக் காட்டினால் அதுதான் டாட்ரி. 'வெறும் ஜிகினா' என்போமே, கிட்டத்தட்ட அது. கண்ணைக் குத்தும் பகட்டுக்கு 'காடி' (gaudy) என்று இன்னொரு சொல் உண்டு. விலை உயர்ந்த பட்டுகூட காடியாக இருக்கலாம், ஆனால் டாட்ரி என்றால் தரமும் மட்டம் என்றே பொருள்.

இதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த கதை. 7-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈலி என்ற ஊரில் மடம் நிறுவிய அரசி எதெல்டிரெடா, மக்கள் வாயில் ஆட்ரி. 679-இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளவயதில் ஆசை ஆசையாய்க் கழுத்துமாலைகள் அணிந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று அவரே அதை ஏற்றுக்கொண்டதாக, 731 வாக்கில் பீட் என்ற துறவி எழுதிய வரலாறு சொல்கிறது. அப்புறம் அவர் திருநாளான அக்டோபர் 17-ஐ ஒட்டி ஈலியில் சந்தை கூடியது. அங்கே விற்ற பட்டுக் கழுத்துப்பட்டிக்கு 'செயின்ட் ஆட்ரி லேஸ்' என்று பெயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், செயின்ட்டின் கடைசி 'ட்' ஆட்ரியோடு ஒட்டிக்கொள்ளும். லண்டனில் செயின்ட் ஓலவ் பெயரிலிருந்து டூலி தெரு வந்ததும் இப்படித்தான்.

முதலில் அதில் இழிவே இல்லை. 1611-இல் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஒரு கிராமத்துப் பெண், வாங்கித் தருவதாகச் சொன்ன டாட்ரி லேஸ் எங்கே என்று தன் காதலனைக் கேட்கிறாள். மலிவுச் சரக்கும் அந்தப் பெயரிலேயே விற்க விற்க, அதே நூற்றாண்டுக்குள் சொல்லின் மதிப்பு இறங்கிப்போனது. நகையாசைக்காக வருந்தி இறந்த ஒருவரின் பெயர் போலிப் பளபளப்புக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது இந்தச் சொல்லைப் பொருளுக்கு மட்டுமல்ல, கீழ்த்தரமான விவகாரங்களுக்கும் சொல்வார்கள். 'டாட்ரி அஃபேர்' என்றால் அசிங்கமான சமாச்சாரம். உச்சரிப்பில் முதல் எழுத்து 'லா காலேஜ்' என்னும்போது வருகிற 'லா' மாதிரி ஒலிக்க வேண்டும்.

சரி, புடவைக்கு என்ன சொல்வது? 'எலிகன்ட்' என்று சொல்லுங்கள்.