கடம்பத்தூரிலிருந்து பி.காம்.: டி.சி.யை யார் கையிலும் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, கடம்பத்தூரில் சின்னதாக டிபன் கடை வைத்திருக்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 497, காமர்ஸ் குரூப். சென்னையில் பி.காம். படிக்க ஆசைப்படுகிறாள். ஹாஸ்டலுக்கு வசதியில்லை, தினமும் ரயிலில்தான் போய்வர வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பெரிய எய்டட் கல்லூரியில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி 60,000 கேட்கிறார். அட்வான்ஸ் 20,000, கூடவே ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் வேண்டுமாம். முதல் பட்டதாரி சான்று வாங்கினால் ஃபீஸே இல்லை என்று அதற்குத் தனியாக 3,000 கேட்கிறார். எட்டாவது வரை மகள் ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில்) தனியார் பள்ளியில் படித்தாள், ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. கல்லூரிப் பெண்களுக்கு அரசு தருகிற மாதம் ஆயிரம் ரூபாய் இவளுக்குக் கிடைக்காது என்கிறார்கள். அரசுக் கல்லூரி கிடைக்காமல் போனால் என்ன செய்வது? பாதுகாப்புக்கு ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டி வைக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த டி.சி. உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பாருங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய் வாங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் இருபத்தெட்டு வருஷம் வணிகவியல் பாடம் எடுத்தவன். அதில் ஏழெட்டு வருஷம் சேர்க்கைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு வந்த பெற்றோரில் மார்க் குறைந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முக்கால்வாசிப் பேர் ஒரிஜினலை யார் கையிலாவது கொடுத்துவிட்டு வந்தவர்கள். ஒரிஜினல் கையை விட்டுப் போனால் அந்த ஆள் சொல்கிற இடத்தில்தான் சேர முடியும், சொல்கிற தொகையைத்தான் கட்ட முடியும். உங்கள் 'தெரிந்தவர்' அட்வான்ஸோடு அதையும் சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான். அப்படிப் பணம் கொடுத்தவர்களில் பல பிள்ளைகளுக்கு மார்க்குக்கே அந்த சீட் வந்திருக்கும். வந்ததும் "நான் பேசினேன், கிடைத்தது" என்று ஆள் பணத்தை எடுத்துக்கொள்வார். வராவிட்டால் அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் சேர்த்துவிட்டு, "கல்லூரி அதேதானே" என்பார்.

அந்த 'அதே கல்லூரி' விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எய்டட் கல்லூரிகளில் ஒரே வாசலுக்குள் இரண்டு கடை நடக்கிறது. ஒன்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் ஃபீஸ் குறைவு. இன்னொன்று சுயநிதிப் பிரிவு, சுருக்கமாக எஸ்.எஃப். பெரும்பாலும் மதியம் நடக்கும், ஷிப்ட் டூ என்பார்கள். ஃபீஸ் பல மடங்கு. கட்டடமும் கேண்டீனும் ஒன்று, கட்டுகிற சலானில்தான் வித்தியாசம். எய்டட் கல்லூரி என்று கேட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. "இந்த சீட் எய்டடா, எஸ்.எஃப்.பா? மூன்று வருஷத்துக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று ஆபீஸ் கவுண்டரில் நின்று கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதித் தரத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

இனி அரசுக் கல்லூரி. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் மே மாதம் விண்ணப்பம் திறப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், மொத்தமே ஐம்பதுதான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இரண்டு ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை போடலாம். பி.காமுக்கு 600 மார்க்கைப் பார்க்க மாட்டார்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் எடுத்துவிட்டு மற்ற நான்கு பாடத்தையும் கூட்டி 400க்கு எவ்வளவு என்று பார்த்து, அதில் ரேங்க் போட்டு இடஒதுக்கீட்டின்படி கூப்பிடுவார்கள். இடையில் யாரும் 'பேச' வேண்டியதில்லை, பேசவும் இடமில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நன்றாகவே ஏமாறலாம். அதுதான் ஃபோன் நம்பர்.

ஒரு வருஷம் கலந்தாய்வு முடிந்த மறுநாள் ஒரு பெண் வந்தாள். நல்ல மார்க், முதல் நாளே சீட் கிடைத்திருக்க வேண்டிய ரேங்க். "எனக்கு மெசேஜே வரவில்லை சார்" என்றாள். அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தோம். செல் நம்பர், இமெயில் இரண்டுமே பிரவுசிங் சென்டர்காரருடையவை. ஓ.டி.பி. அவருக்கே வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தன் நம்பரையே போட்டிருக்கிறார், அப்படி நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு. கூப்பிட்ட நாளில் ஊரில் திருவிழா, கடை பூட்டு. அந்தப் பெண் அடுத்த சுற்றில் மிச்சம் மீதியாக இருந்த வேறொரு பாடத்தில் சேர்ந்தாள். அதனால் விண்ணப்பம் போடும்போது உங்கள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். நம்பரை நீங்களே படித்துப் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். பாஸ்வேர்டை மகளின் நோட்டில் எழுதுங்கள், பிரின்ட் எடுத்து டி.சி.யோடு வையுங்கள். அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் இருக்கிறது, அங்கே போனால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்படியும் மெசேஜை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கலந்தாய்வு கல்லூரியில்தான் நடக்கும், நேரில் போக வேண்டும். எந்த நாளில் எந்த மார்க் வரை கூப்பிடுகிறார்கள் என்பதை அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் போடுவார்கள், தினமும் பாருங்கள். எனக்கு இன்றுவரை புரியாதது ஒன்று உண்டு. விண்ணப்பத்தை ஒரே இடத்தில் வாங்கத் தெரிந்த அரசுக்குக் கலந்தாய்வை ஒரே இடத்தில் நடத்தத் தெரியவில்லை. ஐந்து கல்லூரியும் தனித்தனியாக, சில சமயம் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கூப்பிடும். ராத்திரி மெசேஜ் அனுப்பிக் காலை ஒன்பது மணிக்கு வா என்றால், கடம்பத்தூரிலிருந்து வருகிற பிள்ளை என்ன செய்யும்? கேட்டால் 'நடைமுறை' என்பார்கள். இரண்டு கல்லூரி ஒரே நாளில் கூப்பிட்டால், ஒன்றில் மகள் நிற்கட்டும், இன்னொன்றில் நீங்கள் ஜெராக்ஸோடு போய் நிலவரம் கேளுங்கள். ஒரிஜினல் மகளிடமே இருக்கட்டும்.

எந்த ஐந்து? கல்லூரிப் பேரைப் பார்க்காமல் ரயில் தடத்தைப் பார்த்து எழுதுங்கள். உங்கள் லைனில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் இருக்கிறது, அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி அந்தப் பக்கம்தான். பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. அண்ணா சாலையில் காயிதே மில்லத், கடற்கரைச் சாலையில் ராணி மேரி, இரண்டும் பெண்கள் கல்லூரி. இவற்றுக்கு சென்ட்ரலில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் செலவில்லை, நேரம்தான் போகும். ஐந்தாவதாகத் திருத்தணி அரசுக் கல்லூரியைக் கட்டாயம் எழுதுங்கள். சென்னைக் கனவோடு இருக்கிற பெண் முகம் சுளிப்பாள், பரவாயில்லை. காலையில் ஊரே சென்னைப் பக்கம் நசுங்கிக்கொண்டு போகும்போது அரக்கோணம் பக்கம் போகிற வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். மூன்று வருஷம் உட்கார்ந்து படித்துக்கொண்டே போவது சின்ன விஷயமில்லை.

இதைவிட முக்கியம் ஷிப்ட். சில அரசுக் கல்லூரிகளிலும் காலை, மதியம் என்று இரண்டு உண்டு. மதிய ஷிப்ட் முடிந்து சென்ட்ரலுக்கு வந்து வண்டி ஏறினால், வீடு சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். காலை ஷிப்ட் என்றால் ஆறு மணி வாக்கில் வண்டி ஏற வேண்டும், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், சாயங்காலம் கடையில் கை கொடுக்கலாம். என்னைக் கேட்டால் காலைதான். ஒன்று சொல்லிவிடுகிறேன். ரயில் லேட் என்று தினமும் முதல் பீரியட் போனால் 75 சதவீத வருகைப்பதிவு அடிவாங்கும், செமஸ்டர் எழுத விடமாட்டார்கள். சரியான நேரத்துக்குச் சேர்க்கிற வண்டியை விட்டு அதற்கு முந்தின வண்டியைப் பழக்கப்படுத்துங்கள்.

சீசன் டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம் என்று ரயில்வேயின் சலுகைப் பட்டியலிலேயே இருக்கிறது. பையன்களுக்குப் பன்னிரண்டாவது வரைதான். கல்லூரியில் சான்று வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லும் கிளார்க் கிடைக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டரிடம் போங்கள்.

முதல் பட்டதாரி சான்றுக்கு அந்த 3,000 வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புக்கானது. பி.காமுக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும்தான் வேண்டும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். மே மாதம் பார்த்து சர்வர் படுத்துக்கொள்ளும், வருஷா வருஷம் அதே மாதம் அதே சர்வர். கடைசி நாள் வரை காத்திருக்காமல் இப்போதே போட்டுவிடுங்கள்.

ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கிடைக்காது என்று உங்களிடம் சொன்னவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடிகிறவரை மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஒரு வருஷம் தனியாரில் படித்திருந்தாலும் பொதுவாகக் கிடையாது. அதைக் கேட்டுத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே திட்ட விதியில், ஆர்.டி.இ.யின் கீழ் ஆறிலிருந்து எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கும் உண்டு என்று இருக்கிறது. உங்கள் மகள் அச்சு அசலாக அதுதான். சொந்தப் பணத்தில் ஃபீஸ் கட்டித் தனியாரில் படித்தவளுக்கு இது பொருந்தாது, அதனால் ஆர்.டி.இ.யில் படித்தாள் என்பதற்குத் தாள் வேண்டும். எட்டாவது வரை படித்த பள்ளிக்கு இப்போதே போய், ஆர்.டி.இ. இடத்தில் சேர்ந்தவள் என்று எழுதி சீல் வைத்த சான்று வாங்குங்கள். ஜூலையில் போனால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், ரெஜிஸ்டர் எங்கே என்று தேடுவார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அதைப் பார்க்கிற ஆசிரியருக்கே இந்த விதி தெரியாமல் இருக்கலாம். கம்ப்யூட்டரில் ஆறாம் வகுப்பு 'தனியார்' என்று காட்டியதும் "வராதும்மா" என்று சொல்லிவிடுவார். சான்றைக் காட்டி மறுபடி கேட்கச் சொல்லுங்கள். மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய், வெட்கப்படாமல் கேட்கலாம். வங்கிக் கணக்கு மகள் பேரில், ஆதார் இணைத்ததாக இருக்கட்டும்.

கடைசியாக, பாதுகாப்புக்குத் தனியாரில் கட்டி வைப்பது. அரசுக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே தனியார் கல்லூரிகள் "நாளைக்குள் கட்டினால்தான் சீட்" என்று பயமுறுத்துவது இந்தப் பயத்தை நம்பித்தான். கட்டியே ஆகவேண்டும் என்று தோன்றினால் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே விதிதான். நடைமுறையில் இழுத்தடிப்பார்கள். ஆகவே ரசீது வாங்குங்கள், விலகும்போது வாயால் சொல்லாமல் கடிதம் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 'நன்கொடை' என்று எழுதிய ரசீதுக்குப் பணம் திரும்பாது.

உங்கள் மகளின் மார்க்குக்கு ஐந்தில் ஒன்று கிடைக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் சுற்றில் வராவிட்டாலும் பதறி அந்த ஆளுக்கு ஃபோன் போட வேண்டாம். எழுதிய இடங்களைவிட நல்ல இடம் கிடைத்து விலகுகிறவர்கள் நிறைய, இரண்டாம் சுற்றில் பட்டியல் கீழே இறங்கும்.

அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை கடையை ஒரு வேளை மூடிவிட்டு, மகளோடு அந்த ஆறு மணி வண்டியில் ஒருமுறை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் காலியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. லேடீஸ் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது, இறங்கிக் கல்லூரி வாசல் வரை எத்தனை நிமிஷம் என்று அவளையே கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் ஐந்து கல்லூரியையும் எந்த வரிசையில் எழுதுவது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.