புள்ளிகளால் ஆன புறாக்கள்

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, துரைசானி என் பாட்டிக்குக் கொடுத்த ப்ரூச் ஒன்று எங்களிடம் உள்ளது. நீர்க்கிண்ணத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள். நகைக்கடையில் மீனா வேலை என்றார்கள். லென்ஸ் வழியே பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. இது என்ன வேலை? புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: லென்ஸ் சொன்னதே சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது உலோகத்தின்மேல் நிறக்கண்ணாடியை உருக்கிப் பூசும் மீனா அல்ல; மிகச் சிறிய கண்ணாடித் துணுக்குகளைப் பதித்துப் படமாக்கும் ரோம் நகரின் நுண் மொசைக். அந்தப் புறாக்கள் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இடிபாடுகளில் 1737-இல் கிடைத்த பழைய மொசைக்கில் இருப்பவை. ரோமுக்கு வந்த பயணிகள் அதன் சிறு நகல்களை நகையாக வாங்கிச் சென்றார்கள்.

புனித பேதுரு பேராலயத்தின் ஓவியங்கள் ஈரத்தில் கெட்டுப்போனதால், அவற்றை மொசைக்காக மாற்றுவதற்கென்றே வாத்திகனில் ஒரு பட்டறை இயங்கியது. அங்கே தேர்ந்த கைகள் பின்னர் சிறிய வேலைக்குத் திரும்பின. ஜாகோமோ ரஃபாயெல்லி என்ற கலைஞர் 1775-இல் தம் நுண் மொசைக் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்.

நிறக்கண்ணாடியை உருக்கி, பாகைக் கம்பிப் பதத்தில் இழுப்பதுபோல் மெல்லிய இழையாக இழுப்பார்கள். ஆறியபின் அதைத் துணுக்குகளாக நறுக்கி, செப்புத் தகட்டிலோ கல்லிலோ குடைந்த பள்ளத்தில் ஆளிவிதை எண்ணெய் கலந்த பசையைப் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நட்டு நிறுத்துவார்கள். அந்தப் பசை மெதுவாகவே இறுகும் என்பதால், தவறாக நட்டதைப் பிடுங்கி மாற்ற அவகாசம் கிடைத்தது. இறுகிய பிறகு இடுக்குகளில் நிற மெழுகை நிரப்பி, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினார்கள். மிக உயர்ந்த வேலைகளில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 3,000-க்கும் மேற்பட்ட துணுக்குகள் உண்டு. பிற்காலத்தில் பயணிகளுக்காக அவசரமாகச் செய்தவற்றில் துணுக்குகள் பெரிதாகவும் வரிசை கலைந்தும் இருக்கும். உங்கள் புறாவின் கழுத்திலோ, சாம்பல் நிறம் நீலமாக மாறும் இடத்தில் துணுக்குகள் இறகின் போக்கிலேயே வளைந்து செல்கின்றன. இது பொறுமையான கையின் வேலை; தங்கத்தின் எடையை வைத்து இதை மதிப்பிடவே கூடாது.

புளி வேண்டாம், பூந்திக்கொட்டையும் நகைக்கடையின் அதிர்வு இயந்திரமும் வேண்டாம். மெழுகும் பசையும் தளர்ந்தால் துணுக்குகள் உதிரும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். ஆடி மாத மூடுபனியில் சுவர்கூட வியர்க்கும் ஊர் உங்களுடையது. ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். ஏதேனும் துணுக்கு உதிர்ந்தால், கடைப் பசையால் ஒட்டாமல், காகிதத்தில் மடித்து அதே டப்பாவில் போட்டு வையுங்கள்; பழுது பார்ப்பவருக்கு அதே நிறத்தில் வேறு துணுக்கு கிடைப்பது அரிது.