கெப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்றக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வசிக்கும் நான் வெல்லாவெளிப் பக்கம் பன்னிரண்டு ஏக்கரில் வேளாண்மை செய்கிறேன். என்னிடம் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டீசல் கெப் (பிக்கப்) ஒன்று உள்ளது. அதன் லீசிங் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. மாரி காலத்தில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வாகனம் இறங்குவதில்லை என்பதால் ஆண்டுக்கு இருபது நாள் வரை உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்கிறேன். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் போகிறது. தெரிந்த கராஜ்காரர் ஒருவர் 18 இலட்சம் ரூபாயில் கெப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்றி, உயர்த்தி, பெரிய டயரும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். 16 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடன் எடுத்து இதைச் செய்யலாமா?

பதில்: இந்தக் கடனை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 18 இலட்சத்தை, மீதித் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் 48 மாதங்களுக்குப் பிரித்தால், மாதத் தவணை ஏறத்தாழ 51,000 ரூபாயாகவும் மொத்த வட்டி ஆறரை இலட்சத்தை ஒட்டியும் வரும். அந்த 16 சதவீதம் முதல் தொகை மீதே கடைசி வரை மாறாமல் கணக்கிடப்படுவதானால் வட்டி 11,52,000 ரூபாய் ஆகிவிடும். எது உங்களுக்குச் சொல்லப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குறைவான கணக்கையே எடுத்துக்கொண்டாலும் முதலாண்டு வட்டி மட்டும் இரண்டரை இலட்சத்தைத் தாண்டுகிறது. நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் வாடகையோ ஆண்டுக்கு ஓர் இலட்சம்தான். போதாக்குறைக்கு, நெல் விற்ற பணம் போகத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்போது தவணை மாதந்தோறும் வந்து நிற்கும், அதுவும் ஓராண்டு வரை லீசிங் தவணையோடு சேர்ந்து.

அந்த 18 இலட்சம் இறுதித் தொகையா என்பதும் ஐயமே. ஹைலக்ஸ் போன்ற மாதிரிகளில் பின்சக்கர இழுவை வாகனங்கள் இரு விதமாக வந்துள்ளன. ஒரு விதம் ஃபோர் வீல் டிரைவின் செசியிலேயே (அடிச்சட்டத்திலேயே) உயரமாக அமைந்தது; மற்றது தாழ்வானது, அதன் செசியும் முன் சஸ்பென்ஷனும் வேறு. முதலாவதில் டிரான்ஸ்ஃபர் கேஸுடன் (இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது) கூடிய கியர் பொக்ஸ், முன் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி), முன் அச்சுகள், ஹப், புரொப்பெலர் ஷாஃப்ட் ஆகியவற்றைப் பொருத்த இடம் இருக்கும். இரண்டாவதிலோ வெட்டி ஒட்டும் வேலை தொடங்கிவிடும், அதற்கு எங்கே முடிவு என்று கராஜ்காரராலும் சொல்ல முடியாது. முன் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் பின்னதோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால், கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைத்த பாகம் பொருந்தாமல் போனால் பின் டிஃபரன்ஷியலையும் மாற்ற நேரிடும். வேலை சுலபமாக முடியட்டும் என்று வேறொரு வாகனத்தின் செசியை அடியில் வைக்க யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமே சட்டத்தின் முன் உங்கள் வாகனத்தின் அடையாளம்.

உயர்த்துவது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் செசியும் உடலும் மேலே போகும், ஆனால் வரம்பில் இடிபடும் பின் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டுமே, அதுவும் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் உயரம் ஓர் அங்குலம்தான் கூடும். பெரிய டயரால் இழுவை மந்தமாகிறது, பிரேக்கின் வேலை கூடுகிறது, வேகமானி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இவற்றோடு முன் அச்சின் எடையையும் சேர்த்து, கல்முனை வீதியில் ஆண்டு முழுவதும் நீங்கள் டீசல் எரித்துச் சுமப்பீர்கள். காய்ந்த தார் வீதியில், தேவையானபோது மட்டும் போடும் இவ்வகை ஃபோர் வீல் டிரைவைப் போட்டு ஓடவும் கூடாது.

லீசிங் முடியும் வரை வாகனத்தின் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. அதன் எழுத்துமூலச் சம்மதமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் இல்லாமல் இத்தகைய மாற்றத்தைச் செய்யக் கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மாற்றிய வாகனம் விபத்துக்குள்ளானால் இழப்பீடு மறுக்கப்படலாம், அப்போதும் தவணை நிற்காது. விற்கப் போனாலும் போட்ட பணம் திரும்பாது, ஏனெனில் கராஜில் மாற்றியதற்குத் தொழிற்சாலையிலேயே ஃபோர் வீலாக வந்ததன் விலையை யாரும் தருவதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டுவிட்டதால், பழைய வாகனம் எதுவானாலும் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பின் டிஃபரன்ஷியலுக்கு ஒரு லொக்கும் நல்ல மட் டயர் நான்கும் போடுவதற்கு விலை கேட்பேன். சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுழல மற்றது அசையாமல் நிற்பதுதான் பின்சக்கர இழுவையின் பெரிய குறை, இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைத்து அதைத் தீர்ப்பது லொக். அதற்கும் மேற்சொன்ன சம்மதங்களைப் பெற வேண்டும். இரண்டுக்குமாக மூன்று ஆண்டு வாடகைக்குச் சமமான மூன்று இலட்சத்தைத் தாண்ட வேண்டாம். விதைநெல்லும் உரமும் ஏற்றிய கெப் களிமண்ணில் புதைந்தால் நான்கு சக்கரம் இழுத்தாலும் கரையேறுவது கடினம் என்பதால் அந்தச் சுமைக்கு உழவு இயந்திரமே ஏற்றது. ஒரே நாளில் பக்கத்து வயல்காரரின் சுமையையும் ஏற்றி வாடகையைப் பங்கிட முடியுமா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகும் ஃபோர் வீல் வேண்டும் என்றால் லீசிங் முடியும் வரை பொறுத்து, பெரும்போக அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது, இந்தக் கெப்பை விற்று அசல் ஃபோர் வீல் ஒன்றை வாங்குங்கள். இரண்டின் விலை வித்தியாசம் 18 இலட்சத்தைத் தாண்டினாலும் அந்தப் பணம் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஒரு பொருளில் இருக்கும். வித்தியாசத்தில் பாதியையாவது கைப்பணமாகக் கட்ட முடியாவிட்டால் அடுத்த போகம் வரை தள்ளிப்போடுங்கள்.