‘65 சதவீதம் சான்ஸ் இருக்கு’ என்கிறார்கள், நாலரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை, கணவர் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருவருக்கும் சேர்த்து மாதம் 1.4 லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. எஃப்டி 18 லட்சம், நகை 50 சவரன். மகள் சிபிஎஸ்இயில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாவதில் 97 சதவீதம், மேத்ஸ் ஒலிம்பியாடில் மண்டல அளவிலான ஆர்எம்ஓ தேர்வு வரை போனாள், பரதம் அரங்கேற்றம் ஆகிவிட்டது, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் மாதிரித் தேர்வில் 1600க்கு 1480. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு கன்சல்டன்சியில் எம்ஐடி, ஸ்டான்ஃபர்ட், பெர்க்லி, கார்னெகி மெலன், கார்னெல் என்று பத்துப் பெயர் எழுதிக் கொடுத்து, ‘65 சதவீதம் சான்ஸ்’ என்று சொல்லி 4.5 லட்சம் கேட்கிறார்கள். 25,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். எஃப்டியை உடைத்து மீதியைக் கட்டலாமா? உண்மையில் அவளுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

பதில்: எஃப்டியில் கை வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் சாவகாசமாகப் படித்தாலும் பரவாயில்லை.

அந்த 65 எதற்கு என்று அவர்களிடம் கேட்டீர்களா? பத்தில் ஏதாவது ஒன்று கிடைப்பதற்கா, ஒவ்வொன்றிலும் 65ஆ, முழுப் பணமும் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கா, உதவித்தொகை கேட்கிற பிள்ளைக்கா? இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு பதில், அதில் உங்களுக்கு வேண்டியது கடைசிப் பதில் மட்டும்தான். சீட் கிடைத்து பணம் கிடைக்காவிட்டால் உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அது கிடைக்காத சீட்.

நமக்கு ‘சான்ஸ்’ என்ற வார்த்தையே அண்ணா பல்கலைக்கழக கவுன்சலிங் கற்றுக்கொடுத்தது. மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு உங்கள் பிள்ளை எவ்வளவு, எந்தப் பிரிவு, போன வருடம் கிண்டியில் எதில் நின்றது, அவ்வளவுதான் கணக்கு. அங்கேகூட கட்-ஆஃபை விட ரேங்க்கைப் பார்ப்பவர்தான் விவரமானவர், ஏனென்றால் கேள்வித்தாள் சுலபமாக இருந்தால் கட்-ஆஃப் ஏறிவிடும் (2021இல் பரீட்சையே இல்லாமல் மார்க் போட்ட வருடம் நினைவிருக்கிறதா?), ஆனால் ஆயிரமாவது ரேங்க் எந்தக் கல்லூரி வரை போகும் என்பது வருடத்துக்கு வருடம் அவ்வளவு ஆடாது. ஐஐடிக்கும் அப்படித்தான், சீட் ஒதுக்குகிற ஜோசா அமைப்பு போடுகிற ஓப்பனிங், குளோசிங் ரேங்க்கை (முதலில் சீட் வாங்கியவர், கடைசியாக வாங்கியவர் ரேங்க்) வைத்துக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அதாவது இங்கே மார்க்தான் சீட்டைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் மார்க் என்பது மண்டப வாசல் வரை கூட்டிக்கொண்டு போகிற வண்டி, அவ்வளவுதான். உள்ளே யாரை உட்கார வைப்பது என்பதை வேறு ஆட்கள், வேறு காரணங்களுக்காக முடிவு செய்கிறார்கள்: கட்டுரை, ஆசிரியர் கடிதம், அந்த வருடம் அவர்களுக்கு எந்த மாதிரி மாணவர்கள் குறைகிறார்கள் என்பது. இதற்குப் போய் ஒருத்தர் கால்குலேட்டரில் 65 என்று சொல்கிறார் என்றால், அது நம்மிடம் இருக்கிற கட்-ஆஃப் பழக்கத்தை வைத்து வியாபாரம் பண்ணுவது.

சரி, நமக்குத் தெரிகிற எண்களை வைத்துப் பார்ப்போம். ஹார்வர்டில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் நான்கு பேர் அளவில்தான் இடம் பெறுகிறார்கள், எம்ஐடியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அது நூற்றுக்கு இரண்டு அளவில்தான். நான் எம்ஐடி என்று சொல்வது பாஸ்டன் பக்கத்தில் இருப்பது; குரோம்பேட்டை எம்ஐடி என்றால் உங்கள் வீட்டிலிருந்து பஸ் பாஸே போதும், அதுவும் அப்துல் கலாம் படித்த இடம், ஒன்றும் குறைச்சல் இல்லை. ஹார்வர்டின் அந்த நான்கு சதவீதத்திலும் விளையாட்டுக்காக எடுத்தவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், உள்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்த்தி, ஆகவே இந்தியாவிலிருந்து உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது அதற்கும் கீழே. ‘பத்து இடத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா’ என்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீதம் என்றே தாராளமாக வைத்தாலும், பத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம்தான் வரும், அதுவும் ஒவ்வொரு இடமும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கினால். அவர்கள் எல்லோரும் படிப்பது அதே கட்டுரையை, அதே மார்க் ஷீட்டை, ஓர் இடத்தில் பிடிக்காத விண்ணப்பம் அடுத்த இடத்திலும் பிடிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம், ஆக 40 என்பதே அதிகப்படி.

65 எப்படி வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இன்னும் ஐந்து பெயர் இருக்கிறது, எனக்கு நீங்கள் எழுதவில்லை. அதில் அரிசோனா ஸ்டேட் மாதிரி, விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோரை எடுத்துக்கொள்கிற பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிரண்டு இருந்தால் 65 என்ன, 95 என்றே எழுதிக் கொடுக்கலாம். பொய்யும் ஆகாது.

இப்போது அந்தப் பட்டியலை என் பேனாவால் ஒரு தடவை பார்க்கிறேன். முதலில் செலவு. இந்த மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்குதல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலர் பக்கம் ஆகிறது. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 81 லட்சம், நான்கு வருடத்துக்கு மூன்றேகால் கோடி. உங்கள் குடும்ப வருமானம் வருடத்துக்கு 16.8 லட்சம், டாலரில் சுமார் 18,700. ஆக உதவித்தொகை இல்லாமல் பேச்சே கிடையாது. அப்படிப் பார்த்தால் பெர்க்லியையும் கார்னெகி மெலனையும் இப்போதே அடித்துவிடுங்கள், இரண்டும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவதில்லை. பெர்க்லி எஸ்ஏடி மார்க்கையும் பார்ப்பதே இல்லை. உங்கள் கன்சல்டன்சிக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஸ்டான்ஃபர்டும் கார்னெலும் வேறு ரகம். உதவி தருகிறார்கள், ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதையும் கணக்கில் வைத்துத்தான் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள், அதாவது பணம் கேட்பதாலேயே வாய்ப்பு குறையும். பணம் கேட்டதைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு தேவைப்படுவதை முழுவதும் கொடுக்கிற இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு வெகு சிலதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் மாதிரி. வேடிக்கை என்னவென்றால், உலகத்திலேயே நுழையக் கடினமான இடங்கள்தான் உங்கள் வருமானத்துக்கு மலிவான இடங்கள். ஹார்வர்டில் வருட வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கிற குடும்பம், வழக்கமான அளவு சொத்து இருந்தால், ஒன்றும் கட்ட வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு குடும்பம், பையன் கெட்டிக்காரன். ‘உதவி வேண்டாம்னு டிக் பண்ணுங்க, சான்ஸ் கூடும், சீட் வந்ததும் கேட்டுக்கலாம்’ என்று ஓர் ஆலோசகர் சொல்ல, இவர்களும் அப்படியே செய்தார்கள். சீட் வந்தது. தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார்கள். அப்புறம் உதவி கேட்டு எழுதினால், சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்று பதில் வந்தது. பல கல்லூரிகளில் விதியே அப்படித்தான், இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று அந்த அப்பா என் எதிரே உட்கார்ந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. பையன் கடைசியில் இங்கேயே சேர்ந்தான். ஆலோசகருக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

இதையெல்லாம் நீங்களே பார்க்க வழி இருக்கிறது, இலவசம். பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் ‘காமன் டேட்டா செட்’ என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு அந்த மூன்று வார்த்தையைத் தேடினால் வந்துவிடும். அதில் ‘சி’ பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எஸ்ஏடி மார்க் எந்த வரம்பில் இருந்தது என்று இருக்கும். ‘எச்’ பகுதியில் ஆறாவது கேள்வி உங்களுக்காகவே எழுதியது: வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு. நீங்கள் ஆசிரியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், பத்துக் கல்லூரிக்கும் எழுதி வைத்துவிடலாம்.

உங்கள் மகளைப் பற்றி. 97 சதவீதம் சந்தோஷம், ஆனால் அங்கே விண்ணப்பிக்கிற இந்தியப் பிள்ளைகளில் அது அபூர்வம் இல்லை. எஸ்ஏடி 1480 நல்ல மார்க்தான், ஆனால் எம்ஐடியில் சேர்ந்தவர்களில் நடுவில் இருக்கிற பாதிப் பேரின் மார்க் 1500ஐத் தாண்டித்தான் தொடங்குகிறது, ஆகவே இன்னும் ஒரு முயற்சி எடுக்கட்டும். பரதத்தைப் பற்றி நான் சொன்னால் கோபப்படாதீர்கள் (அரங்கேற்றத்துக்கு எவ்வளவு செலவு ஆனது என்று கேட்கவில்லை, சென்னையில் கேட்கக்கூடாத கேள்வி அது): அவள் ஆசையாக ஆடினால் சரி, விண்ணப்பத்துக்காக இன்னொரு மேடை வேண்டாம். எனக்குக் கண்ணில் படுவது ஆர்எம்ஓதான். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவள் அதில் அடுத்த கட்டமான ஐஎன்எம்ஓ வரை போனால் கதையே மாறும், போகாவிட்டாலும் கணக்கில் சொந்தமாக ஏதோ செய்கிறாள் என்று ஆசிரியர் எழுத முடியும். மொத்தத்தில், பணம் முழுக்கக் கிடைத்து ஒரு பெரிய இடத்தில் சேர்கிற வாய்ப்பு அவளுக்கு இருக்கிறது, ஆனால் சிறியது, பத்தில் ஒன்று என்றால்கூட நான் தாராளமாகச் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம். முயற்சி செய்ய இது போதும், எஃப்டியை உடைக்கப் போதாது.

முயற்சிக்கு எவ்வளவு ஆகும்? விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 90 டாலர், பத்து இடத்துக்கு சுமார் 72,000 ரூபாய். உதவித்தொகைப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16, மொத்தம் 15,000 ரூபாய் போல. எஸ்ஏடி இரண்டு தடவைக்கு சுமார் 20,000, ஆங்கிலத் தேர்வு ஒன்று. எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம், வருமானத்தைக் காட்டிக் கட்டண விலக்குக் கேட்டால் இன்னும் குறையும். இந்த ஒன்றேகால் லட்சத்தை மாதச் சம்பளத்திலிருந்தே ஒதுக்கிவிடலாம். மீதி மூன்றேகால் லட்சம் எதற்கு? கட்டுரையைத் திருத்த ஒருவர் வேண்டுமென்றால் உங்கள் பள்ளியிலேயே ஆங்கில டீச்சர் இருக்கிறார். ‘ஆசிரியர் கடிதத்தை நாங்களே எழுதித் தருவோம், கையெழுத்து மட்டும் வாங்குங்க’ என்று சொல்கிறார்களா? உங்கள் மாணவி ஒருத்திக்காக அப்படி ஒரு காகிதத்தை யாராவது நீட்டினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? தெரிந்தால் கிடைத்த சீட்டும் போகும்.

பணத்தை விட எனக்குக் கவலை அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு அட்டவணை. முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு பல இடங்களில் நவம்பர் 1, மற்றதற்கு ஜனவரி முதல் வாரம். ஜனவரியில் ஜேஇஇ மெயின், பிப்ரவரி நடுவில் போர்டு எக்ஸாம். அரையாண்டு லீவில் பத்துக் கல்லூரிக்குத் தனித்தனிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தால் கையில் இருக்கிற சீட் நழுவும். அதனால் பட்டியலை ஐந்தாகக் குறையுங்கள், எல்லாம் முழு உதவி தருகிற இடமாக இருக்கட்டும், கட்டுரைகளை வருகிற மே, ஜூனிலேயே முடித்துவிடட்டும்.

கையில் இருக்கிற சீட் என்று நான் சொல்வது கிண்டி, குரோம்பேட்டை, என்ஐடி, சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகம். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை யோசியுங்கள். தனி நுழைவுத் தேர்வு, கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பட்டம், ஆர்எம்ஓ வரை போன பிள்ளைக்கு அந்தக் கேள்வித்தாள் பிடிக்கும். ஐஐடியில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் இருக்கின்றன, அதன் குளோசிங் ரேங்க் தனி, அதைப் பாருங்கள். இந்த மாதிரி இடங்களில் சேர்ந்தால் பிஎம் வித்யாலட்சுமி பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்து, ஜாமீன் இல்லாத கல்விக் கடன் வாங்கலாம். உங்கள் வருமானம் 8 லட்சத்துக்கு மேல் என்பதால் வட்டிச் சலுகை கிடைக்காது. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

நானாக இருந்தால் குடும்பத்தின் வரம்பை இன்றே எழுதி வைப்பேன்: மாதம் 35,000 சேமித்தால் வருடத்துக்கு 4.2 லட்சம், எஃப்டியிலிருந்து நான்கு வருடத்தில் 8 லட்சம், ஆக வருடத்துக்கு 6 லட்சம். அமெரிக்கக் கல்லூரி ஒன்று உதவி போக வருடத்துக்கு 6 லட்சத்துக்குள் கேட்டால் போகட்டும், 7 என்றால் உட்கார்ந்து பேசுங்கள், 15 என்றால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இல்லை. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், சீட் வந்த பிறகு சொல்வது கொடுமை. மிச்சம் 10 லட்சமும் நகையும் உங்கள் இருவருடைய வயதான காலத்துக்கு. வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வர வேண்டாம்.

அட்வான்ஸ் 25,000க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், கூடவே போன மூன்று வருடத்தில் உங்கள் அளவு வருமானம் உள்ள எத்தனை குடும்பம் அவர்களிடம் வந்தது, அதில் எத்தனை பிள்ளைகள் முழு உதவியோடு எங்கே சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராது என்று நினைக்கிறேன், பணமும் வராமல் போகலாம். போனால் போகட்டும், அந்த 25,000 போய்விடுமே என்று மீதி 4.25 லட்சத்தைக் கட்டிவிடாதீர்கள்.